இருள்மாதங்களும் உடற்சோர்வும்

குளிர்காலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டவர் மனத்தில் எழுகின்ற காட்சிகள் பெரும்பாலும் இனியவையே. மார்கழி விடியலிலே கோயில் மணி ஒலிக்கிறது. புல்நுனியிலே பனித்துளி நிற்கிறது. அடுப்பங்கரையிலே ஆவி பறக்கும் கோப்பி காத்திருக்கிறது. நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்வோரை விட்டால், கம்பளிச் சட்டையின் தேவையை உண்மையாக உணர்ந்தவர் நம்மிடையே மிகச் சிலர். நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தபோது, முன்பனி என்றும் பின்பனி என்றும் இரண்டு பருவங்களுக்குப் பெயரிட்டனர். பெயரிலே பனி இருந்தபோதிலும் அப்பருவங்களில் ஞாயிறு நம்மைக் கைவிடுவதில்லை. காலை எட்டு மணிக்குப் பனி விலகும்; பத்து மணிக்கு முற்றத்துப் பாயிலே நெல் காயும்.

இன்றோ நம் மக்களுட் பெருந்தொகையினர் ஞாயிறு கைவிடுகின்ற நாடுகளிலே வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராசேந்திரம் 1956 ஆம் ஆண்டிலே நோர்வே நாட்டை அடைந்தார். அவருக்குப் பின்னர், சிறப்பாக 1980களில், நம் இளைஞர் பலர் அந்நாட்டின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பகுதிக்குச் சென்று மீன் பதனிடும் ஆலைகளிலே உழைத்தனர். இங்கிலாந்திலும் கனடாவிலும் ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் நம் குடும்பங்கள் வேரூன்றிவிட்டன. ஆகவே, வடபுலத்து இருள்மாதங்களில் மனிதரைப் பற்றுகின்ற உடல் நலிவும் சோர்வும் நமக்குத் தொலைவான செய்தி அன்று. அது நம் வீட்டுச் செய்தியாகிவிட்டது.

நம் ஊரிலே ஒரு தாய். அவள் மகன் ஒஸ்லோ நகரில் வாழ்கிறான். ஆனி ஆடி மாதங்களிலே தொலைபேசியில் வாய் ஓயாமற் பேசியவன், கார்த்திகை பிறந்ததும் பேச்சைக் குறைக்கிறான். “களைப்பாயிருக்கிறது அம்மா, பிறகு பேசுகிறேன்” என்கிறான். தைப்பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லவும் மறந்துவிடுகிறான். “பிள்ளை மாறிவிட்டான்” என்று தாய் கலங்குகிறாள். “சோம்பல் பிடித்துவிட்டது” என்று தந்தை முடிவு செய்கிறார். அவனோ, தன்னைப் பற்றி அதனினும் கடுமையான முடிவைத் தன் உள்ளத்திலே செய்துகொண்டிருப்பான். இம்மூவர் முடிவும் பல வேளைகளிலே தவறானவை என்பதையும், அச்சோர்வு குணத்திலே உண்டான குறைவன்று, ஒளியிலே உண்டான குறைவு என்பதையும், அக்குறைவை ஓரளவு நிரப்ப வழிகள் உள்ளன என்பதையும் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிலே ஒளியின் அளவைப் பார்ப்போம். பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதனால், நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லுந்தோறும் குளிர்காலப் பகல் குறுகுகிறது. யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களுமே. டிசெம்பர் மாதத்தின் பிற்பகுதியிற்கூட நமக்குப் பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு. அதே நாட்களில் ரொறன்ரோவின் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம். இலண்டனின் பகல் 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒஸ்லோவின் பகல் 6 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அவ்வாறு தோன்றுகின்ற ஞாயிறும் ஒஸ்லோவிலே நண்பகலில் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்தை எட்டுவதில்லை. வீட்டுக் கூரைகளுக்குப் பின்னாலேயே வந்து, பின்னாலேயே போய்விடுகிறது. இன்னும் வடக்கேயுள்ள துரோம்சோ நகரத்திலோ, நவெம்பர் மாதத்தின் பிற்பகுதி தொடங்கிச் சனவரி நடுப்பகுதி வரை ஞாயிறு எழுவதே இல்லை. நண்பகலிலே சில மணி நேரம் நீலம் பாய்ந்த மங்கல் ஒளி தோன்றும்; அவ்வளவே.

இருளிலே வேலைக்குச் சென்று, மின்குமிழின் கீழே நாள் முழுதும் உழைத்து, இருளிலே வீடு திரும்புகின்ற ஒருவர், வார நாட்களில் ஞாயிற்றின் முகத்தையே காணாமல் வாழ்வது அங்கே இயல்பான நிகழ்ச்சி.

பொழுது தெரியாமற் போனால் உயிர்கள் தடுமாறும் என்பதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே, வாடைக்காலத்து முகில் ஞாயிற்றை மறைத்துவிட, பித்திகை அரும்பு மலர்ந்து மணம் பரப்புவதைக் கொண்டே பெண்கள் மாலைப்பொழுது வந்தது என்று அறிகின்றனர். வீட்டுப் புறாவோ இரவு இது, பகல் இது என்று அறியாமல் மயங்கி, இரை தேடவும் செல்லாது இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டளவு பழைய அக்காட்சியை இக்காலத்து உடலியல் அறிஞர் படித்தால் வியப்படைவர். ஏனெனில், அந்தப் புறாவுக்கு நேர்ந்தது என்னவோ, அதுவே வடநாட்டுக் குளிர்காலத்தில் மனிதருக்கும் நேர்கிறது.

நம் உடலுக்குள்ளே ஒரு மணிக்கூடு உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் சந்திக்கின்ற இடத்துக்குச் சற்று மேலே, அது அமைந்திருக்கிறது. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது, எப்போது உடல் வெப்பம் உயர்வது, எப்போது பசி எழுவது என்பவற்றை அதுவே முறைப்படுத்துகிறது. ஆயினும் அந்த மணிக்கூடு 24 மணி நேரத்தை மிகச் சரியாகக் காட்டுவதில்லை. பெரும்பாலாரிடத்திலே சற்றுப் பிந்தியே ஓடுகிறது. அதனை நாள்தோறும் திருத்தி வைப்பது காலை ஒளி. கண்ணின் உட்படலத்திலே, பொருள்களைக் காண்பதற்காக அன்றி ஒளியின் அளவை மூளைக்கு அறிவிப்பதற்காகவே அமைந்த தனிக் கலங்கள் இருப்பதனை 2002 ஆம் ஆண்டளவில் அறிஞர் தெளிவாகக் கண்டனர். இருள் வந்ததும் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலற்றோனின் என்னும் ஓமோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடலெங்கும் செய்தி அனுப்புகிறது. வலிய ஒளி கண்ணிற் பட்டால் மனிதரிடத்திலும் அச்சுரப்பு அடங்குகிறது என்பதனை 1980 ஆம் ஆண்டில் அல்பிரட் லூவி என்பவரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

காலை ஒளி கிடையாதபோது மணிக்கூடு பிந்துகிறது. கடிகாரம் ஏழு என்று சொல்லும். உடலோ இன்னும் நள்ளிரவு என்று சாதிக்கும். விழிப்பு வராத கண்களோடும் ஈயம் கட்டியது போற் கனக்கும் கைகால்களோடும் எழுந்து வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. இதனைச் சோம்பல் என்று சொல்லலாமா?

இவ்வுண்மையின் சாயலை அனுபவத்தால் உணர்ந்தவர் முன்னரே இருந்தனர். 1897 ஆம் ஆண்டிலே பெல்ஜியத்திலிருந்து பெல்ஜிக்கா என்னும் கப்பல் தென்துருவக் கடலை நோக்கிப் புறப்பட்டது. 1898 ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் அது பனிக்கட்டியிலே சிக்கியது. மே மாதத்து நடுப்பகுதியிலே மறைந்த ஞாயிறு ஏறத்தாழ 70 நாட்கள் தோன்றவில்லை. வலிமை மிக்க மாலுமிகள் முகம் வெளிறி, நெஞ்சு படபடத்து, உறக்கமும் உணர்வும் கெட்டுச் சோர்ந்தனர். ஒருவர் அவ்விருளிலேயே உயிர் நீத்தார். கப்பலின் மருத்துவராகிய அமெரிக்கர் பிரெடெரிக் குக் மூன்று காரியங்களைச் செய்தார். நோயாளரை ஆடை களைந்து அடுப்பின் வலிய தழலொளி படும்படி நிற்கச் செய்தார். டப்பா உணவை ஒழித்துப் பெங்குயினதும் கடல்நாயினதும் புத்திறைச்சியை உண்ணச் செய்தார். கப்பலைச் சுற்றிப் பனிக்கட்டியின் மீது நடக்கச் செய்தார். பின்னாளிலே, 1911 இல் தென்துருவத்தை முதன்முதல் அடைந்த அமுண்ட்சென் என்பவரும் அன்று அக்கப்பலிலே இருந்தவரே. புத்திறைச்சி அவர்களுடைய ஸ்கர்வி நோயைத் தீர்த்தது என்பதை இன்று நாம் அறிவோம். அதற்குக் காரணமான விற்றமின் சி அக்காலத்திற் கண்டறியப்படவில்லை. ஆயினும் ஒளி, நல்லுணவு, நடை என்ற அந்த மூன்று மருந்துகளும் இன்று வரை மாறவில்லை.

இன்னொருவர் நீல்ஸ் பின்சென் என்னும் தென்மார்க்கு நாட்டு மருத்துவர். வட அத்திலாந்திக்கிலுள்ள பாரோத் தீவுகளிலே பிறந்து, ஐசுலாந்திலே கல்வி பயின்றவர். இருபது வயதைத் தாண்டிய காலந்தொட்டே தீராத நோய்க்கு ஆளானார். வடக்கு நோக்கிய வீட்டிலே வாழ்ந்த அவர், தமது குருதிக் குறைவுக்கும் ஓயாத களைப்புக்கும் ஞாயிற்றொளி மருந்தாகலாம் என்று எண்ணத் தொடங்கினார். அவ்வெண்ணமே ஆராய்ச்சியாக வளர்ந்தது. தோலைப் பற்றும் காசநோயை ஒளியினால் குணப்படுத்தும் முறையை வகுத்து, 1903 ஆம் ஆண்டிலே மருத்துவத்துக்கான நோபெல் பரிசினைப் பெற்றார். மறு ஆண்டிலே, தமது 43 ஆம் வயதில், இறந்தார். நலிந்த உடலோடு வாழ்ந்த ஒருவர் தம் நலிவையே கூர்ந்து நோக்கி உலகுக்குப் பயன் கண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

குளிர்காலச் சோர்வு ஒரு தனி நோய்நிலையாக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது அண்மைக் காலத்திலேயே. தென்னாபிரிக்காவிலே வளர்ந்து 1976 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகருக்குச் சென்ற நோர்மன் ரோசெந்தால் என்னும் மனநல மருத்துவர், அங்கே குளிர்காலந்தோறும் தம் ஊக்கம் குன்றி இளவேனிலிலே மீள்வதனைக் கண்டார். அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனத்திலே அவரும் அவருடைய தோழரும் இதே துன்பம் உடையோரை ஆராய்ந்து, 1984 ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டனர். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் உளச்சோர்வு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அதன் அடையாளங்கள் தெளிவானவை. வழக்கத்தினும் மிகுதியாக உறக்கம் வரும். ஆயினும் உறங்கி எழுந்தால் தெளிவு இராது. சோறு, பாண், இனிப்பு ஆகியவற்றின் மேல் அடங்காத ஆசை எழும்; உடல் பருக்கும். மனிதரோடு பழக விருப்பம் குறையும். இன்பம் தந்தவை இன்பம் தாரா. பங்குனி சித்திரையிலே இவை தாமாகவே விலகும். அடுத்த ஐப்பசியிலே மீண்டும் வரும்.

நேயர்களே, இதற்கு மாற்று என்ன என்பதனை இனிப் பார்ப்போம்.

ஒளியை அளப்பதற்கு லக்சு என்னும் அலகு உண்டு. இரவிலே விளக்கேற்றிய நம் வீட்டு அறையின் ஒளி சில நூறு லக்சுக்கு மேற்படாது. வெயில் எறிக்கும் வெளியிலோ அது ஒரு லட்சம் லக்சு வரை செல்லும். நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் ஏற்பத் தன்னைத்தானே மாற்றிக்கொள்வதனால், இவ்வளவு பெரிய வேறுபாட்டினை நாம் உணர்வதில்லை. முகில் மூடிய குளிர்காலப் பகலிற்கூட வெளியிடத்து ஒளி அறையொளியினும் பன்மடங்கு மிகுந்தது. ஆகவே முதல் மருந்து பணம் கொடுத்து வாங்குவதன்று. விடிந்த பின்னர், இயலுமாயின் முற்பகலிலே, அன்றேல் நண்பகல் உணவு வேளையிலே, அரை மணி நேரம் வெளியே நடத்தல் வேண்டும். வானம் மங்கியிருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடலாகாது; மங்கிய நாளிலேதான் அந்த நடை மிகவும் தேவை.

வெளியே செல்ல இயலாதவர்க்கும், மேற்சொன்ன உளச்சோர்வு கடுமையாக உள்ளவர்க்கும், 10,000 லக்சு ஒளி தரும் சிறப்பு விளக்குகள் உள்ளன. காலையிலே எழுந்த சிறிது நேரத்துள், ஏறத்தாழ அரை மணி நேரம், செய்தோர் குறித்த தூரத்திலே அவ்விளக்கின் முன் அமர்ந்து, அதனை நேரே உற்று நோக்காமல், பத்திரிகை படித்துக்கொண்டோ காலையுணவு உண்டுகொண்டோ இருக்கலாம். மாலையிலே அதனை ஏற்றினால் இரவு உறக்கம் கெடும். நீரிழிவினாலோ வேறு காரணத்தாலோ கண்ணின் உட்படலம் பழுதுற்றவரும், மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோயுடையவரும், மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, எழும் நேரத்தை மாற்றாதிருத்தல். விடுமுறை நாளிலே நண்பகல் வரை உறங்கினால், பிந்தியோடும் மணிக்கூடு இன்னும் பிந்தும். திங்கட்கிழமைக் காலை அதனால் இரு மடங்கு கொடியதாகும்.

மூன்றாவது, தோலுக்குரிய செய்தி. கண் வழியே செல்லும் ஒளி வேறு; தோல் மேற் பட்டு விற்றமின் டி என்னும் சத்தை உண்டாக்கும் கதிர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவோர் பலர். இங்கிலாந்து போன்ற நாடுகளிலே ஒக்டோபர் முதல் மார்ச் வரை அச்சத்தினை உண்டாக்கப் போதிய கதிர் வெயிலில் இல்லை. சாளரக் கண்ணாடியும் அக்கதிரைத் தடுத்துவிடும். நம்மவரின் கருநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலினும் மிகுந்த நேரம் வெயில் தேவை. 1960களிலே கிளாஸ்கோ நகரிற் குடியேறிய இந்திய, பாக்கிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கால் வளையும் கணைநோயும், பெண்களுக்கு எலும்பு மெலியும் நோயும் கண்டதனை அங்குள்ள மருத்துவர் பதிவு செய்தனர். இன்று இங்கிலாந்து அரசு, இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி உட்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் அறிவுரை கூறுகிறது. கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதுமே உட்கொள்வதனை எண்ண வேண்டும் என்கிறது. நோர்வேயிலே கொட் மீனின் ஈரலெண்ணெயைக் கரண்டியிலே கொடுப்பது பழைய வீட்டு வழக்கம். சைவ உணவினர் மாத்திரையாகக் கொள்ளலாம். கருவுற்ற பெண்கள் மீனீரல் எண்ணெயைத் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையையே கொள்ள வேண்டும். குறித்த அளவுக்கு மிஞ்சினால் இச்சத்தும் தீங்கு செய்யும் என்பதனை மறக்கலாகாது.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சென்று அங்கேயே தங்கிவிட்ட முதியோர் நிலை தனியாகச் சொல்லத்தக்கது. பனியில் வழுக்கி விழும் அச்சத்தால் மாதக்கணக்காக அவர்கள் வாசலைத் தாண்டுவதில்லை. இடுப்பும் தொடையும் நோகின்றன; கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. “வயது போய்விட்டது” என்று தாமே சமாதானம் சொல்லிக்கொள்வர். அது வயதன்று, விற்றமின் டி குறைவினால் எலும்பும் தசையும் நலிந்தமையாக இருக்கலாம். எளிய குருதிச் சோதனை அதனைக் காட்டிவிடும். களைப்பு எல்லாம் இருளினால் வந்தது என்று எண்ணிவிடுதலும் பிழை. குருதிச்சோகை, தைரொயிட்டுச் சுரப்பியின் தளர்வு, நீரிழிவு ஆகியவையும் இதே முகத்தோடு வரும். எனவே முதலிலே மருத்துவரிடம் சென்று அவை இல்லை என்று உறுதி செய்துகொள்வதே முறை.

குளிரிலே குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. குருதி அழுத்தம் உயர்கிறது. நெஞ்சு நோயுடையவர் வாசலிற் குவிந்த பனியை வாரிக் கொட்டும் வேலையில் இறங்கலாகாது. அப்பளு மாரடைப்பைத் தூண்டியதுண்டு. ஆஸ்துமா உடையவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிச் செல்ல வேண்டும். வீட்டின் வெப்பம் 18 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இன்புளுவென்சாத் தடுப்பூசியைக் குளிர் தொடங்குமுன் போட்டுக்கொள்ளல் முதியோர்க்கும் நெடுநோயாளர்க்கும் காவலாகும். காலணியின் அடியிலே பூட்டும் இரும்பு முட்களும், இருளில் வாகன விளக்குப் பட்டால் ஒளிரும் சிறு பட்டையும் நோர்வே நாட்டவர் நாளாந்தம் பயன்படுத்துபவை. அவற்றை வாங்கிக் கொடுக்கும் பிள்ளை, தாய்தந்தையர்க்கு வாசற்கதவைத் திறந்துவிடும் பிள்ளையாவான்.

இனி, இருக்கின்ற வலுவை எவ்வாறு செலவிடுவது என்ற கேள்வி எழுகிறது. “சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது நம் பழமொழி. பணத்துக்குச் சொன்னதனை வலுவுக்கும் கொள்ளலாம். கோடையிலே நாளொன்றுக்குப் பத்து வேலை செய்தவர், குளிர்காலத்திலும் பத்து வேலை செய்ய முனைந்து, ஆறிலே தளர்ந்து, மீதி நான்குக்காகத் தம்மையே நொந்துகொள்வர். அதனினும், ஆறு வேலைக்குத் திட்டமிட்டு ஆறையும் முடிப்பது மேல். தலையாய வேலையை ஒளியுள்ள மணிகளிலே வைத்துக்கொள்ள வேண்டும். வீடு மாறுதல், பெருஞ்செலவு, குடும்ப வழக்கு முதலிய பாரமான முடிவுகளைக் கூடுமாயின் இளவேனிலுக்கு ஒத்திப்போட வேண்டும். இருள் வருமுன்னரே, புரட்டாதியிலேயே, நடைக்குத் துணை, வாரத்திலொரு நாட் சந்திப்பு, சமையலறைக்கு வேண்டிய பருப்பு வகை, காய்கறி முதலியவற்றை ஏற்பாடு செய்துவிட வேண்டும். சோர்வு வந்த பின்னர் ஏற்பாடு செய்யும் ஊக்கம் இராது. விழுந்த பின் ஏணி தேடுவதனால் ஆவதென்ன?

ஒருவர் தனியே செய்ய இயலாததை ஊர் கூடிச் செய்த வரலாறும் உண்டு. நோர்வேயில் உயர்ந்த மலைகளுக்கிடையிலே ரியூக்கான் என்னும் சிற்றூர் இருக்கிறது. செத்தெம்பர் மாத இறுதியிலிருந்து மார்ச்சு நடுப்பகுதி வரை அங்கே வெயில் விழுவதில்லை, மலை மறைக்கிறது. அவ்வூரிலே தொழிற்சாலை நடத்திய நிறுவனம், மக்கள் மலையுச்சிக்குச் சென்று வெயில் காய்வதற்காக 1928 ஆம் ஆண்டிலே ஒரு கம்பித் தொட்டிலை அமைத்துக் கொடுத்தது. 2013 ஆம் ஆண்டிலே ஊர்மன்றத்தார் மலைச்சரிவில் மூன்று பெருங் கண்ணாடிகளை நிறுவினர். ஞாயிறு செல்லும் திசைக்கேற்பத் திரும்பும் அக்கண்ணாடிகள், ஊர்ச் சதுக்கத்திலே வெயிலை வீழ்த்துகின்றன. மக்கள் அங்கே கதிரை போட்டு அமர்ந்து முகத்தை நிமிர்த்தி வெயில் காய்கின்றனர். நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வெயிலின் அருமை நிழலிலே தெரியும் என்று அவ்வூரார் அதனைத் திருப்பிச் சொல்லக்கூடும்.

கரி லைபோவிற்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் துரோம்சோவிலே தங்கி, குளிர்காலத்தை மக்கள் எந்தக் கண்ணோடு நோக்குகின்றனர் என்று ஆராய்ந்தார். வடக்கே செல்லச் செல்ல, குளிர்காலத்தை நல்ல நோக்கோடு ஏற்போர் மிகுதியாக இருக்கக் கண்டார். இருளைப் பகையென்று எண்ணி வீட்டில் ஒடுங்காமல், மெழுகுதிரி ஏற்றி, கம்பளி போர்த்து, நண்பரை அழைத்து, பனியிலே சறுக்கி, அப்பருவத்துக்கே உரிய இன்பங்களை அவர்கள் தேடிக்கொள்கின்றனர். இதனை நாமும் கற்கலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை. உண்மையாகவே நோயுற்ற ஒருவரிடம் “மனத்தை மாற்றிக்கொள், எல்லாம் சரியாகும்” என்று சொல்வது மருந்தன்று. அது அவர் சுமையின் மேல் இன்னொரு சுமை.

அவ்வாறாயின், இங்கேயிருக்கும் நாம் என்ன செய்யலாம்? செய்யக்கூடியது மிக எளியது. குளிர்காலத்திலே நம் கடிகாரம் ஒஸ்லோவினும் நாலரை மணி நேரமும், இலண்டனினும் ஐந்தரை மணி நேரமும் முந்தியிருக்கிறது. நமக்குப் பிற்பகல் நாலரை மணியாகும்போது ஒஸ்லோவிலே நண்பகல். ஓய்வு நாளிலே அந்த வேளையைப் பார்த்து மகனை அழையுங்கள். “ஏன் பேசவில்லை?” என்று தொடங்காதீர்கள். “வெளியே வந்து நடந்துகொண்டே பேசு மகனே, நானும் முற்றத்திலே நிற்கிறேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் பேசும் அரை மணி நேரமும் அவன் ஒளியிலே நிற்பான். கடல் கடந்து நாம் அனுப்பக்கூடிய மருந்து இதனினும் வேறொன்று இல்லை.

அவன் குரலிலே வேறொன்று கேட்டால், அதாவது இனி வாழ்ந்து பயனில்லை, பிறர்க்குப் பாரமாக இருக்கிறேன் என்ற பேச்சு வந்தால், அதனைப் பருவத்தின் சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். கோபிக்கவும் வேண்டாம், அழுது தடுக்கவும் வேண்டாம். அவ்வெண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். அவ்வூரிலுள்ள உறவினரையோ நண்பரையோ அவனிடம் உடனே செல்லச் செய்து, அன்றே மருத்துவரைக் காணச் செய்யுங்கள். இந்நிலைக்கு மருத்துவம் உண்டு. பேச்சினாலும் மருந்தினாலும் மீண்டவர் பலர்.

துரோம்சோ நகரிலே சனவரி 21 ஆம் நாள் ஞாயிறு மீளும் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியோர் வரை ஞாயிற்றின் பெயர் கொண்ட இனிப்புப் பணியாரத்தை அன்று உண்டு மகிழ்கின்றனர். நம்முடைய தைப்பொங்கல் அதற்கு ஒரு வாரம் முந்தியது. அங்கே வாழும் நம் பிள்ளைகள் பனிக்கு அஞ்சி வீட்டுக்குள்ளே பொங்கல் வைக்கின்றனர். இவ்வாண்டு அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். பொங்கிய பின்னர், பானையை வைத்துவிட்டு, கம்பளி அணிந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, நண்பகலிலே வெளியே சென்று தெற்கு வானத்தை நோக்கி நிற்கட்டும். முகில் மறைத்திருந்தாலும் குற்றமில்லை. அன்றைய பகல், டிசெம்பர் மாதத்து நடுப்பகலினும் நீண்டிருக்கும். நாளைய பகல் அதனினும் சில நிமிடம் நீளும்.